பட்டம்மாவிடம் கேட்ட குரல்

கார்குழலி அக்காவுக்கு முப்பது வயது. பிறந்ததிலிருந்து பேச்சு வரவில்லை. கை, கால் சொன்னபடி கேட்காது. வலது கட்டைவிரல் மட்டும் கேட்கும். அந்த விரலை நம்பி, ராயபுரத்தில் பேச்சுப் பயிற்சி தரும் அம்மா ஒருவர் போனில் ஒரு செயலியைப் போட்டுக் கொடுத்தார். திரையில் இருபது கட்டம், கட்டத்துக்கு ஒரு படம். தொட்டால், நாம் பதிந்து வைத்த வாக்கியத்தைப் பேசும்.

பதிந்தது தம்பியான நான். அங்கேதான் கோளாறு. திருவொற்றியூர் குப்பத்தில், தண்ணி லாரி வரிசையில் அக்கா கட்டத்தைத் தொட்டால் என் குரல் வந்தது. பதிலும் எனக்கே வந்தது. "இன்னா மதி, அக்காவுக்குத் தாகமா?" என்று அவள் தலைக்கு மேலே கேட்டார்கள். நான் கல்லூரிக்குப் போயிருந்த நாளில்கூட, சுற்றுமுற்றும் என்னைத் தேடினார்களாம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அக்கா போனைக் கீழே தள்ளிவிட்டாள். எடுத்துக் கொடுத்தேன். மறுபடி தள்ளினாள்.

"வேற கொரல் வேணுமா?"

கண்ணை மூடித் திறந்தாள். ஆமாம்.

"அம்மா கொரலா?"

முகத்தைத் திருப்பிக்கொண்டாள். இல்லை. பார்வை எதிர்வீட்டுக்குப் போய் அங்கேயே நின்றது.

எதிர்வீடு பட்டம்மா. மீன் விற்பவர். தெருமுனையில் "வஞ்சிரம்" என்று கூவினால் எண்ணூரில் பூனை திரும்பிப் பார்க்கும். தண்ணி வரிசையில் அவர் எங்கள் குடத்தைப் பின்னுக்குத் தள்ளியதில் நாலு மாதமாக எங்களோடு பேச்சில்லை.

போய்க் கேட்டேன்.

"உங்கக்காவா கேட்டா?"

"ஆமாத்தே."

"உங்கம்மாவுக்குத் தெரியுமா?"

"தெரிஞ்சா என்னிய அடிக்கும்."

அது அவருக்குப் பிடித்திருந்தது. கையைக் கழுவிக்கொண்டு வந்தார்.

முதல் கட்டம்: 'எனக்குப் பசிக்கிறது.'

"இப்டி கேட்டா எவ சோறு போடுவா? 'இன்னும் சோறு ஆவலியா'ன்னு வச்சுக்கலாமா?" என்று அக்காவைத்தான் கேட்டார். அக்கா கண்ணை மூடித் திறந்தாள். ஒவ்வொரு கட்டத்துக்கும் இப்படி அனுமதி வாங்கினார். 'வலிக்குது' வந்தபோது மட்டும் அந்தக் குரல் உள்ளே போய்விட்டது. மூன்று முறை அழித்துப் பதிந்தோம். "இத்த மட்டும் அடிக்கடி அமுக்காதமே" என்று அக்காவின் கன்னத்தைத் தடவினார்.

கடைசிக் கட்டம் காலி. அதில் அக்கா குடத்தின் படத்தை வைத்துவிட்டு, பட்டம்மாவைப் பார்த்தாள். எனக்கு அவசரமாகக் கடைக்குப் போக வேண்டும்போல் இருந்தது.

"என்னியே நான் திட்டணுமா?"

கண் மூடித் திறந்தது.

"பட்டம்மா, கொடத்த நவுத்து" என்றார் மெதுவாக. அக்கா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். கொஞ்சம் சத்தமாகச் சொன்னார். அதுவும் ஆகவில்லை. மூன்றாவது முறை எழுந்து, இடுப்பில் கை வைத்து, தெருவுக்கே கேட்கச் சொன்னார். அக்கா சிரித்த சிரிப்பும் பதிவில் விழுந்துவிட்டது.

"அது இருக்கட்டும்" என்றார் பட்டம்மா.

மறுநாள் காலை லாரி வந்தது. பட்டம்மாவின் குடம் எங்கள் குடத்துக்கு முன்னால் இருந்தது, பழக்கதோஷம். அக்காவின் கட்டைவிரல் குடத்தின் படத்தில் இறங்கியது. வரிசை முழுக்கப் பட்டம்மாவைத் திரும்பிப் பார்த்தது. அவர் வாய் மூடியிருந்தது. என்னைத் தாண்டி நடந்துபோய், அக்காவின் சக்கர நாற்காலி முன்னால் குனிந்தார்.

"நீ எப்பமே வந்த? நான் ஆறு மணிக்கே கொடம் வச்சிட்டேன்."

அக்கா வேறொரு கட்டத்தைத் தொட்டாள். "பொய் சொல்லாத."

"யாரு பொய் சொல்றா? சாட்சி கீது."

"பொய் சொல்லாத."

பின்னாலிருந்த ஆவுடையம்மாள் பொறுமையிழந்தார். "ரெண்டு பேரும் அப்பால சண்ட போடுங்கமே, லாரி போய்டும்."

என்னிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை. நான் குடத்தைப் பிடித்தேன்.