கெர்னலுக்குள் ஓர் அரை மணி

நானூற்றைம்பது. இது மட்டும் நானூற்றெண்பதாக இருந்திருந்தால் இந்நேரம் அரிசியைக் களைந்து அடுப்பில் வைத்திருப்பேன். ஒருவேளை தப்பாகப் படிக்கிறேனோ? கண்ணாடி மாற்றி நாளாகிறது. இன்னொரு தடவை பார். பார்த்தாயிற்று. எத்தனை தடவை பார்த்தாலும் அது மாறப்போவதில்லை, ஜெனிவீவ்.

அவள் மடிக்கணினியை மூடிவிட்டு எழுந்தாள். எதற்கு எழுந்தோம் என்று தெரியவில்லை. ஜன்னலுக்குப் போனாள். எதிர் புளோக்கில் யாரோ மூங்கில் கழியில் போர்வை காயப்போட்டுக்கொண்டிருந்தார்கள். சமையலறைக்குப் போய்க் குழாயைத் திறந்தாள், மூடினாள். குவீன்ஸ்டவுனில் இத்தனை வருஷம் குடியிருந்த வீடு, இன்று நடந்து தீர்க்கப் போதுமானதாக இல்லை.

இதெல்லாம் ரக்ஷனாவால் வந்தது. நல்ல பெண். சிங்கப்பூரின் ஆரம்பகாலக் கணினிகளைப் பற்றி ஒரு கண்காட்சிக்கு ஏற்பாடு செய்கிறாள். ஜாலான் புசாரில் ஒரு ஹார்டுவேர் கடையின் மாடியில், பெயின்ட் டப்பாக்களுக்குப் பின்னால், பழைய கணினி ஒன்று கிடைத்திருக்கிறது. எண்பதுகளில் அதே தெருவில் இருந்த சின்ன கம்பெனி செய்தது; ஜெனிவீவும் அவள் கணவர் கிளாரன்ஸும் வேலை பார்த்த கம்பெனி. அதன் டிஸ்கை அப்படியே நகலெடுத்துக்கொண்டு ரக்ஷனா வீட்டுக்கு வந்தாள்.

"இதுல ஓடறது யூனிக்ஸ், ஆன்ட்டி. ஆனா மனுஷங்க எழுதின சோர்ஸ் கோட் இல்ல, மெஷின் படிக்கிற வெறும் பைனரிதான். இந்தக் கெர்னலைப் பிரிச்சு, எங்கேருந்து வந்துச்சு, யார் எழுதினாங்கன்னு ஒரு ரிப்போர்ட் தர முடியுமா?"

கிளாரன்ஸ் சோபாவில் சாய்ந்து சிரித்தார். "யார் எழுதினான்னு கண்டுபிடிக்கணுமா? எழுதினவன் உன் முன்னாடிதான் உக்காந்திருக்கேன் லா!"

"தெரியும் அங்கிள். நீங்கதானே ஷோவுக்கே ஹீரோ. ஆனா பேப்பர்ல ப்ரூஃப் வேணும்னு கேக்குறாங்க. ஆன்ட்டி பேங்க் சிஸ்டம்ஸ்ல இருந்தவங்க. அந்தக் காலத்து மெஷினெல்லாம் ஆன்ட்டியை விட்டா யாருக்குத் தெரியும்?"

ஜெனிவீவ் சந்தோஷமாகத்தான் ஒப்புக்கொண்டாள். ஓய்வுபெற்ற பிறகு கைக்கு வந்த முதல் நல்ல வேலை. கெர்னல் என்பது யூனிக்ஸ் என்கிற இயங்குதளத்தின் அடித்தளம். டிஸ்கையும் திரையையும் நேரத்தையும் ஆள்வது அதுதான். கையில் இருந்ததோ எண்களின் குவியல். அதைக் கட்டளைகளாகப் பிரித்து, கட்டளைகளை வாக்கியங்களாகச் சேர்த்து, எழுதியவன் மனசில் என்ன இருந்தது என்று ஊகிக்க வேண்டும். காலையில் உட்கார்ந்தால் பசி தெரியவில்லை.

பெரும்பகுதி அமெரிக்காவிலிருந்து வந்தது என்பது சீக்கிரமே தெரிந்துவிட்டது. பகுதிகள் அமெரிக்க யூனிக்ஸில் இருந்த அதே வரிசையில் இருந்தன. மூலத்திலிருந்த ஒரு பிரபலமான பிழைகூட அப்படியே வந்திருந்தது. அதில் வருத்தமில்லை. அந்தக் காலத்தில் உலகம் முழுக்க உரிமம் வாங்கி, அதன்மேல்தான் கட்டினார்கள். கிளாரன்ஸும் மறுத்ததில்லை. அவர் சொல்வது வேறு. இங்கே செய்த சர்க்யூட் பலகைக்கு ஏற்றபடி டிஸ்க், டெர்மினல், கடிகாரம் எல்லாவற்றையும் ஒற்றை ஆளாக எண்பத்து மூன்றில் மாற்றி எழுதினேன் என்பார். அந்தப் பகுதிகளில்தான் ஜெனிவீவ் அவரைத் தேடினாள்.

தேடியபோது வேறு யாரோ தட்டுப்பட்டார்கள். கிளாரன்ஸ் நிரல் எழுதினால் எதையும் பூஜ்யத்திலிருந்து மேலே எண்ணிக்கொண்டு போகிறவர். இதை எழுதியவன் எப்போதும் கீழ்நோக்கி எண்ணினான். டிஸ்க் வேலை செய்யாவிட்டால் திரையில் வரும் செய்தி, "டிஸ்க் பதில் தரவில்லை, ஸாரி" என்று முடிந்தது. டெர்மினல் அறுந்துபோனாலும் ஸாரி. மெமரி போதாவிட்டாலும் ஸாரி. கல்யாணமாகி இத்தனை காலத்தில் கிளாரன்ஸின் வாயிலிருந்து அவள் கேட்டிராத சொல் அது. இளவயதில் வேறு மாதிரி ஆளாக இருந்திருப்பார் போலிருக்கிறது என்று நினைத்துச் சிரித்துக்கொண்டாள். அப்படி நினைப்பது இனிமையாகக்கூட இருந்தது.

இன்று காலை அந்த எண்ணுக்கு வந்து சேர்ந்தாள்.

அந்தக் கால யூனிக்ஸில், ஓர் ஊரின் நேரம் கிரீன்விச்சிலிருந்து எத்தனை நிமிஷம் தள்ளியிருக்கிறது என்பதைக் கெர்னலுக்குள்ளேயே எழுதிவைப்பார்கள். சிங்கப்பூர் எட்டு மணி முன்னால் இருக்கிறது, நானூற்றெண்பது நிமிஷம். இதில் இருந்தது நானூற்றைம்பது. ஏழரை மணி. எண்பத்திரண்டு பிறந்தபோதுதான் சிங்கப்பூர் தன் கடிகாரத்தை அரை மணி முன்னே தள்ளியது. புத்தாண்டுப் பூசை முடிந்து மாதா கோயிலிலிருந்து வெளியே வந்தபோது, முன்படியில் நின்று ஆளாளுக்குக் கைக்கடிகாரத்தைத் திருகிக்கொண்டிருந்தது அவளுக்கு நினைவிருக்கிறது. அதற்குப் பிறகு இந்த ஊரில் யாரும் ஏழரை என்று எழுத மாட்டார்கள். எழுதியவன் எண்பத்தொன்றிலோ அதற்கு முன்போ எழுதியிருக்கிறான். கிளாரன்ஸ் கம்பெனியில் சேர்ந்தது எண்பத்து மூன்றில்.

அவளை நிற்கவிடாமல் அலைக்கழித்தது அந்த எண் மட்டுமல்ல. கம்பெனியில் ஒரு வழக்கம் இருந்தது. காலையில் யார் முதலில் வருகிறார்களோ, அவர்கள் மெஷினை ஓடவிட்டதும் நேரத்தில் அரை மணி கூட்ட வேண்டும். "அரை மணி போட்டாச்சா?" என்பதுதான் அங்கே குட்மார்னிங். தாமதமாக வருகிறவர்கள், "மெஷின் டைமுக்கு நான் கரெக்டா வந்துட்டேன்" என்று ஜோக் அடிப்பார்கள். ஏன் இப்படி என்று அவள் சேர்ந்த புதிதில் கேட்டபோது, "ஹார்டுவேர்ல கோளாறு" என்றார் கிளாரன்ஸ். அவள் நம்பினாள். வருஷக்கணக்காக, தன் கையாலேயே, தினமும் அந்த அரை மணியைப் போட்டாள். வாட்ச் கடைக்காரர்கூட ஏன் என்று யோசித்திருப்பார். அவள் யோசிக்கவில்லை. யோசிக்க விரும்பவில்லையா?

கோயில் கமிட்டிக் கூட்டம் முடிந்து கிளாரன்ஸ் வந்தார். "என்னடி, சமைக்கலையா? பரவால்ல, கீழ போய் மீ கோரெங் கட்டிட்டு வரவா?"

"எண்பத்தொண்ணுல நீங்க எங்க இருந்தீங்க?"

"போலீஸ் மாதிரி கேக்குற! ஆர்மியில. சேத்துல தவழ்ந்துக்கிட்டிருந்தேன். எதுக்கு?"

"கெர்னல்ல ஏழரை மணின்னு இருக்குங்க."

அவர் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தார். ஒரு கால் கழற்றியிருந்தது, இன்னொன்று இல்லை. அப்படியே நின்றார். விளக்கிச் சொல்லத் தேவையிருக்கவில்லை. அவரும் அந்தத் தொழிலில்தான் இருந்தவர். மெல்ல மற்ற செருப்பையும் கழற்றி, இரண்டையும் ஒழுங்காகச் சேர்த்து வைத்தார்.

"நசீர்னு ஒருத்தன்," என்றார். "எனக்கு முன்னாடி இருந்தான். கொஞ்சம் செஞ்சு வச்சிருந்தான்."

"கொஞ்சமா?"

"ஓடற அளவுக்கு."

"சோர்ஸ்?"

"கிடைக்கல. ஓடற டிஸ்க் மட்டும்தான் இருந்துச்சு. முதலாளி, நீ புதுசா எழுதுன்னார். எழுதினேன் ஜெனி. சத்தியமா எழுதினேன். ஒரு வருஷம் வீட்டுக்கே போகாம உக்காந்து எழுதினேன். பூட் ஆகவே இல்ல. டெமோவுக்கு ஆள் வந்துட்டாங்க. இருந்ததைப் போட்டு ஓட்டினேன். எல்லாரும் கை தட்டினாங்க."

"அந்த எண்ணை மட்டுமாவது மாத்தியிருக்கலாமே. ரெண்டே பைட்டு."

"எங்க இருக்குன்னு தெரியல."

அப்போது அவளுக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வந்தது பயம். ஒரு வருஷம் தேடி அவருக்குக் கிடைக்காததைத் தான் சமையலறை மேசையில் சில வாரங்களில் கண்டுபிடித்துவிட்டோம் என்ற நினைப்பு, யாரோ முதுகில் தட்டிச் சொன்னது போல வந்தது. வந்ததுமே அதைத் தள்ளிவிடத்தான் தோன்றியது. சிட்னியில் அவளுக்கு வேலை கிடைத்தபோது அவள் போகவில்லை. பெரிய வேலை செய்த மனுஷன், உன் பின்னால் வந்து அங்கே சும்மா உட்கார முடியுமா என்று அம்மா கேட்டாள். சரிதான் என்று பட்டது. அவர் சிடுசிடுத்த நாட்களில், பேசாமலிருந்த மாதங்களில், கோபம் தலைக்கு ஏறும்போதெல்லாம் அந்தக் கெர்னல்தான் நடுவில் வந்து நின்று அவளைச் சமாதானப்படுத்தியது. ஒரு கெர்னலை எழுதியவனிடம் இதையெல்லாம் பொறுத்துக்கொள்ளலாம் என்று. அது நசீருடையது. அப்படியானால் அவள் இத்தனை நாள் பொறுத்துக்கொண்டது யாரை?

"நசீர் செத்து எத்தனையோ வருஷமாச்சு," என்றார் கிளாரன்ஸ். "கல்யாணம்கூடப் பண்ணிக்கல. யாருக்கு நஷ்டம், சொல்லு. அமெரிக்கா கிமெரிக்கா எல்லாம் எழுதிக்கோ. அந்த நம்பரை மட்டும் விட்டுடு. உன்னைத் தவிர வேற எவன் படிக்கப்போறான்?"

உண்மைதான். வேறு யாரும் படிக்கப்போவதில்லை. அதனால்தான் அவளால் உட்கார முடியவில்லை.

மீன் வாங்கப் போகிறேன் என்று கிளம்பினாள். தேக்காவில் இறங்கினாள், சந்தைக்குள் போகவில்லை. சிராங்கூன் சாலையைக் கடந்து, நடந்து, ஜாலான் புசார் வந்துவிட்டது. கம்பெனி இருந்த கடைவீடு இப்போது சின்ன ஹோட்டல். வாசலில் இரண்டு வெள்ளைக்காரப் பிள்ளைகள் முதுகுப்பையோடு அறைக்குக் காத்திருந்தார்கள். அவள் மாடி ஜன்னலைப் பார்த்தாள். கிளாரன்ஸ் அங்கே உட்கார்ந்து கெர்னல் எழுதினார் என்றுதான் எப்போதும் நினைத்துக்கொள்வாள். இப்போது அந்த நாற்காலியில் நசீரை உட்காரவைத்துப் பார்த்தாள். முகம் வரவில்லை. ஒரு போட்டோகூடப் பார்த்ததில்லை. ஆனாலும் அந்த ஆளை அவளுக்குத் தெரியும்; எப்படி எண்ணுவான், எங்கே சந்தேகப்படுவான், எதற்கெல்லாம் மன்னிப்புக் கேட்பான் என்று தெரியும். கட்டிய கணவனை அந்த அளவுக்குத் தெரியுமா என்று ஒரு கேள்வி வந்தது. அதற்குமேல் அங்கே நிற்காமல் பஸ் ஏறினாள்.

மறுநாள் டோபி காட் பக்கத்தில், கண்காட்சி நடக்கப்போகிற மண்டபத்தில் வீடியோ எடுத்தார்கள். கிளாரன்ஸும் அவளும் ரயிலில் வந்தார்கள். ஈஸ்டருக்கு எடுத்த நீலக் கோட்டைப் போட்டிருந்தார். அவர் கையை வைத்திருந்த கம்பிக்குப் பக்கத்திலேயே அவள் கையும் இருந்தது. இரண்டும் வயதான கைகள். அவர் மேல் இரக்கம் வந்தது. இரக்கம் வந்ததும் இன்னும் கஷ்டமாகிவிட்டது.

ஜாலான் புசார் கணினியைத் துடைத்துக் கண்ணாடிக்குள் வைத்திருந்தார்கள். பக்கத்தில் அச்சான பலகை: 'கெர்னலை எழுதியவர், 1983: கிளாரன்ஸ்.' கீழே ஒரு வரி காலியாக இருந்தது.

"இங்க உங்க பேர் வரும், ஆன்ட்டி," என்றாள் ரக்ஷனா, ஜெனிவீவின் சேலைத் தலைப்பில் சின்ன மைக்கைக் குத்திக்கொண்டே. "பரிசோதித்து உறுதி செய்தவர்னு போடறோம். அப்புறம் கேமராவைப் பாத்து ரெண்டே வரி. அங்கிள்தான் எழுதினார், நான் பிரிச்சுப் பாத்தேன், அவ்வளவுதான். ஹஸ்பண்ட் எழுதினதை வைஃப் கண்டுபிடிக்கிறாங்க! சோ ஸ்வீட் லா!"

"அவளுக்குக் கேமரான்னா கூச்சம்," என்றார் கிளாரன்ஸ். பிறகு அருகில் வந்து, அவளுக்கு மட்டும் கேட்கும்படி சொன்னார்: "ரெண்டு வரிதான் ஜெனி. நான் இதுக்கப்புறம் எதுவுமே கேக்க மாட்டேன்."

அது பொய்யில்லை என்று அவளுக்குத் தெரிந்தது. அவர் கண்ணில் தண்ணீர் நின்றது. மைக்கின் விளக்கு பச்சையாக எரிந்தது.

"ரோலிங், ஆன்ட்டி."

ஜெனிவீவ் வாயைத் திறந்தாள். அங்கிருந்தவர்கள் காத்திருந்தார்கள். அவள் மைக்கைத் தலைப்பிலிருந்து மெதுவாகக் கழற்றினாள், துணி கிழியாமல்.

"என் பேர் போடாதம்மா," என்றாள். "நான் பாத்தது அப்படி இல்ல. இதை நான் சொல்ல மாட்டேன்."

மைக்கை ரக்ஷனாவின் உள்ளங்கையில் வைத்தாள்.