மலை ஏறாத ரயில்

கணவர் இறந்துபோன பிறகு வந்த முதல் விடுமுறைக்கு எங்கே போவது என்ற பேச்சை நாத்தனார்தான் எடுத்தாள். பேச்சை எடுத்தாள் என்பதைவிடத் தீர்ப்பே சொல்லிவிட்டாள் என்பது பொருத்தம். அவளுக்கு அவள் அண்ணன் வைத்த பட்டப்பெயர் வெண்கலம். வெண்கலக் கடையில் யானை புகுந்த மாதிரிதான் வீட்டுக்குள் நுழைவாள்.

"மலைக்குத்தான் அண்ணி, வேற எங்க? அண்ணன் வருஷம் தவறாம ரயில் ஏறிப் போன இடம். உங்களுக்கும் உசிரு. நாம ரெண்டு பேரும் போயிட்டு வரலாம்."

"சரி" என்றாள் அண்ணி.

தெருவில் அவளைக் கண்ணாடியக்கா என்பார்கள். மூக்குக்கண்ணாடிக் கடை ஒன்றின் பின்னறையில் உட்கார்ந்து, வட்டமாக வரும் லென்ஸைப் பிரேமின் அளவுக்கு அரைத்துப் பொருத்துவது அவள் வேலை. சில மாதங்களாக அவள் வாயில் 'சரி' என்ற ஒரு சொல்தான் குடியிருந்தது. சாப்பிடுகிறாயா என்றால் சரி. படுக்கிறாயா என்றால் சரி. ஒரு நாள் லென்ஸின் விளிம்பு விரலைக் கிழித்துவிட்டது. துடைக்கிற துணி சிவந்த பிறகுதான் கவனித்தாள். வலிக்கிறதா என்று முதலாளி கேட்டதற்கு, கொஞ்சம் யோசித்துவிட்டு "இருக்கும்" என்றாள். அழுகையும் வரவில்லை. கல்நெஞ்சுக்காரி என்று யாரும் முகத்துக்கு நேரே சொல்லவில்லை, அவ்வளவுதான்.

மலை விஷயத்தில் ஒரு உண்மையை அவள் யாரிடமும் சொன்னதில்லை. கல்யாணமான புதிதில் முதன்முறை அந்த மலை ரயிலில் ஏறியபோது, இரண்டாவது வளைவிலேயே வயிறு தொண்டைக்கு வந்துவிட்டது. புருஷனோ வாசற்படியில் நின்று, என்னவோ தன் சொந்தச் சொத்தைக் காட்டுகிற மாதிரி அருவியைக் காட்டிக்கொண்டிருந்தார். கழிவறைக்குப் போய் வாந்தி எடுத்து, முகம் கழுவிக்கொண்டு வந்தாள். "எப்படி இருக்கு?" என்றார். "நல்லா இருக்கு" என்றாள். புதுப்பெண் வேறு என்ன சொல்வாள்? அந்தச் சின்னப் பொய் வேர் பிடித்து மரமாகிவிட்டது. "இவளுக்கு மலைன்னா உசிரு" என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தார் மனிதர். அவர் ஜெனரேட்டர் மெக்கானிக். நாளெல்லாம் இரைச்சலில் கிடக்கிறவர். மலையில் மட்டும்தான் சத்தமில்லாமல் உட்கார்ந்திருப்பார். அந்த முகத்தைப் பார்த்த பிறகு உண்மையைச் சொல்ல அவளுக்கு வாய் எழவில்லை. ஒவ்வொரு வருஷமும் அறையில் போர்வைக்குள் சுருண்டு கிடப்பாள். குளிரை ரசிக்கிறாள் என்று நினைத்துக்கொண்டு அவர் தேநீர் வாங்கி வருவார்.

ரயில் நிலையத்தில் முன்பதிவுக்கு இரண்டு வரிசைகள். "நீங்க அதுல நில்லுங்க, நான் இதுல நிக்கறேன். எது முந்துதோ அதுல வாங்கிக்கலாம்" என்று திட்டம் போட்டாள் வெண்கலம். ஆனால் அவள் வரிசையில் யாரோ குறுக்கே புகுந்துவிட்டார்கள். அந்தப் பஞ்சாயத்து முடிவதற்குள் கண்ணாடியக்காவின் முறை வந்துவிட்டது.

கம்பிக்குப் பின்னால் இருந்த எழுத்தர் கணினியைத் தட்டிப் பார்த்தார். "மலைக்கு அந்தத் தேதியில இடம் இல்லம்மா. காத்திருப்புப் பட்டியல்ல போடவா?"

சரி என்று சொல்லத்தான் வாயைத் திறந்தாள். சொல் வரவில்லை. இடம் இல்லை என்று கேட்டதும் உடம்புக்குள் ஏதோ ஒரு முடிச்சு லேசாகத் தளர்ந்தது. மகிழ்ச்சி என்று சொல்லிவிட முடியாது. இறுக்கமான செருப்பைக் கழற்றிவிட்டது போல, அவ்வளவுதான்.

"வேற எந்த ஊருக்கு இடம் இருக்கு?"

எழுத்தர் நிமிர்ந்து பார்த்தார். "எந்த ஊருக்குப் போகணும்னு நீங்கதாம்மா சொல்லணும்."

"வளைவு இல்லாம நேராப் போற ரயில் எது?"

பின்னால் நின்றவர் சிரித்தார். எழுத்தர் சிரிக்கவில்லை. "கிழக்கால போற வண்டி நேராத்தான் போகும். கடைசி ஸ்டேஷன் வரைக்கும் பொட்டல்தான். அந்த ஊர்ல ஒரு வாய்க்கால் இருக்கு, அதைவிட்டா பார்க்க ஒண்ணும் கிடையாது."

"அதுக்கே ரெண்டு கொடுங்க."

டிக்கெட்டைப் பார்த்த வெண்கலம் அவளைத் தள்ளிக்கொண்டு போய் ஒரு பெஞ்சில் உட்கார வைத்தாள். "இது என்ன ஊர் அண்ணி? நான் பேர்கூடக் கேட்டதில்லையே."

"நானும் கேட்டதில்ல."

"மலை என்ன ஆச்சு?"

"இடம் இல்லையாம். பட்டியல்ல போடறேன்னார், நான் வேணாம்னுட்டேன்." பிறகு, கடையில் யாருக்கோ லென்ஸ் விலை சொல்வது போலச் சொன்னாள்: "எனக்கு மலை ஒத்துக்காது வெண்கலம். வாந்தி வரும். முதல் தடவையிலருந்தே."

வெண்கலம் டிக்கெட்டை மறுபடி ஒருமுறை பார்த்தாள். பிறகு, "அண்ணனுக்கு?" என்றாள்.

"தெரியாது."

"இத்தனை வருஷமா அவரை ஏமாத்திட்டிருந்தீங்களா?"

"ஆமா."

குற்ற உணர்வு சுருக்கென்று தைக்கும் என்று கண்ணாடியக்கா காத்திருந்தாள். தைக்கவில்லை. எதிர் நடைமேடையில் ஒருவர் பெட்டியை இழுத்துக்கொண்டு போனார். அந்தச் சக்கரச் சத்தம் தேயும்வரை கேட்டுக்கொண்டிருந்தாள்.

வெண்கலம் தலைப்பால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "அவருக்குக் கடைசி ரெண்டு வருஷமா முட்டி வலி. மலையில அந்தப் படிக்கட்டெல்லாம் ஏற முடியல. எதுக்குண்ணே இந்தப் பாடு, இந்த வருஷம் வேணாம்னு நான் சொல்லிப் பார்த்தேன். அவளுக்கு இருக்கறது அது ஒண்ணுதான், அதையும் எப்படி வேணாங்கறதுன்னு கேட்டார்."

கண்ணாடியக்கா அவளைப் பார்த்தாள். முட்டி வலியை மறைத்துக்கொண்டு அவர் ஏற, வாந்தியை மறைத்துக்கொண்டு இவள் ஏற, இரண்டு பேரையும் சுமந்துகொண்டு அந்த ரயில் பாட்டுக்கு வளைந்து வளைந்து போயிருக்கிறது. தொண்டையிலிருந்து ஒரு சத்தம் வந்தது. சிரிப்பு மாதிரிதான் இருந்தது. வெண்கலம் பயந்து போய் அவள் தோளைப் பிடித்தாள்.

"அண்ணி, என்ன ஆச்சு?"

"ஒண்ணுமில்ல. ரெண்டு பேருமே கடைஞ்செடுத்த முட்டாள்ங்க."

"என் அண்ணனை அப்படிச் சொல்லாதீங்க" என்ற வெண்கலம், மறுபடியும் மூக்கைத் துடைத்துக்கொண்டு, "ஆனா நிஜம்தான்" என்றாள்.

குறித்த நாளில் கிளம்பினார்கள். எழுத்தர் பொய் சொல்லவில்லை. வண்டி ஒரே நேராகப் போனது. இரண்டு பக்கமும் காய்ந்த புல், மின்கம்பங்கள், எங்கோ ஒரு தகரக் கொட்டகை. இதைப் பார்க்கவா காசு கொடுத்து வந்தோம் என்று காலையெல்லாம் புலம்பிய வெண்கலம், மத்தியானம் ஜன்னலில் தலை சாய்த்துத் திடீரென்று அழ ஆரம்பித்தாள். அண்ணன் இல்லாமல் அவள் ரயிலேறுவது இதுதான் முதல் தடவை. கண்ணாடியக்கா அவள் முதுகைத் தடவிக்கொண்டே இருந்தாள். தன் கண்ணில் ஈரம் இல்லை. அதற்காக இந்த முறை தன்னையே நொந்துகொள்ளவும் இல்லை.

விடுதியை நடத்திய அம்மாள் இரண்டு சாவிகளை மேஜைமேல் வைத்தாள். "முன்பக்க ரூம்ல வாய்க்கால் தெரியும். பின்பக்கம் அமைதியா இருக்கும். எது வேணும்?"

வெண்கலம் பதில் சொல்ல வாயெடுப்பதற்குள், "பின்பக்கம்" என்றாள் கண்ணாடியக்கா.

"அண்ணி, ஜன்னலைத் திறந்தா சுவருதான் இருக்கும்."

"இருக்கட்டும்."

அறைக்குப் போனதும் படுத்தவள் அடித்துப் போட்டாற்போலத் தூங்கினாள். விழித்தபோது சுவரில் சாய்வெயில் விழுந்திருந்தது. கீழே அண்ணி குளிக்க வெந்நீர் கேட்டு வெண்கலம் விடுதி அம்மாளோடு மல்லுக்கு நின்றுகொண்டிருந்தாள். கொஞ்ச நேரம் படுத்தபடியே கேட்டாள். பிறகு எழுந்து படிக்கட்டு வரை வந்து குரல் கொடுத்தாள்.

"வெண்கலம், பச்சைத் தண்ணியே போதும். அந்தம்மாவை விட்டுட்டு மேல வா."