ஊமைக்கட்டையும் பதினோரு பாட்டும்

ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் அக்காவுக்கு மதிய இடைவேளை முக்கால் மணி நேரம். அன்றைக்கு ஒன்றரை மணி நேரம் கேட்டு வாங்கிக்கொண்டு கிளம்பினாள். தம்பியின் ஒலிப்பதிவுக் கூடத்துக்குப் போய் ஒரு கையெழுத்துப் போட்டுவிட்டு வர அது தாராளம். தம்பியைப் பற்றி அவளுக்கு நல்ல அபிப்பிராயம் இருந்த காலம் அது, அதாவது அன்று மதியம் வரைக்கும்.

முப்பத்தெட்டு வருஷத்துக்கு முன்னால் அக்கா, தம்பி, பக்கத்து வீட்டு டிரம்ஸ்காரன் என்று மூன்று பேருமாக ஒரு குழு வைத்திருந்தார்கள். பத்திரிகைக்காரர்கள் அதைப் 'புது அலை' என்றார்கள். அப்படிச் சொன்னவர்களில் பாதிப் பேர் ஒரு பாட்டைக்கூடக் கேட்டதில்லை. மெட்டு அக்காவுடையது, வார்த்தையும் குரலும் தம்பியுடையவை. பிறகு தம்பி பெரிய பாடகனாகிவிட்டான், அக்கா வேலைக்குப் போய்விட்டாள். இப்போது அந்த ஆரம்பகாலப் பாட்டுகளில் பதினொன்றை ஒரே இசைத்தட்டாகத் தொகுத்து வெளியிட ஒரு கம்பெனி வந்திருக்கிறது. மூவரும் சம்மதித்தால்தான் நடக்கும். டிரம்ஸ்காரன் பாட்டைக் கேட்டுக்கூடப் பார்க்காமல் கையெழுத்துப் போட்டு அனுப்பிவிட்டான். அவன் எப்போதுமே அப்படித்தான்.

சவுண்ட் இன்ஜினியர் முதல் பாட்டைப் போட்டார். நாலு வரி போவதற்குள் அக்காவின் முகம் சுண்டிவிட்டது.

அவர்களுடைய கீபோர்டு, ஒரு பள்ளிக்கூடம் வேண்டாமென்று கழித்துப் போட்டது. அதில் நடுவாக ஒரு கட்டை, குத்தினாலும் சத்தம் வராது. ஊமைக்கட்டை என்று பேர் வைத்தார்கள். ரிப்பேர் பார்க்க ஆள் கிடைக்கவில்லை. அக்கா அந்தச் சுரத்தைத் தொடாமலே மெட்டுப் போடப் பழகிக்கொண்டாள். மெட்டு அந்த இடம் வரை வரும், ஒரு கணம் நிற்கும், தாண்டிப் போகும். பதினோரு பாட்டிலும் அப்படித்தான். இப்போது அந்த இடத்தில் கணீரென்று ஒரு புதுச் சுரம் உட்கார்ந்திருந்தது, யாரோ கூப்பிடாமல் பந்தியில் வந்து உட்கார்ந்த மாதிரி.

தம்பி பெருமையாகவே விளக்கினான். கம்ப்யூட்டரில் எல்லா ஓட்டையையும் அடைத்தாயிற்றாம். நல்ல கீபோர்டு இருந்திருந்தால் அவள் இப்படித்தானே வாசித்திருப்பாள்?

"நல்ல கீபோர்டு இருந்திருந்தா நான் இந்தப் பாட்டையே போட்டிருக்க மாட்டேன்டா."

அழகாக இருக்கிறதா இல்லையா, அதை மட்டும் சொல் என்றான் அவன். அழகாகத்தான் இருந்தது. அதுதான் அவளுக்கு வயிற்றெரிச்சல். பல்லைக் கடித்துக்கொண்டு இன்னொரு பாட்டையும் கேட்டாள். கேட்கக் கேட்க, வேறு ஏதோவும் காணோம் என்று பட்டது.

"இந்த எடத்துல நீ மூச்சு எடுப்ப. அது எங்கடா?"

தம்பி இன்ஜினியரைப் பார்த்தான். இன்ஜினியர் திரையைப் பார்த்தார். புதுச் சுரத்தோடு அந்த மூச்சுச் சத்தம் இடித்தது, அதனால் பதினோரு பாட்டிலும் வெட்டிவிட்டேன் என்று ஒருவழியாக ஒப்புக்கொண்டார். அக்கா பழைய பதிவை அப்படியே போடச் சொன்னாள்.

இரைச்சலோடு தொடங்கியது. மெட்டு வந்தது, நின்றது. அந்த இடைவெளியில் ஒரு பத்தொன்பது வயதுப் பையன் 'ஹக்' என்று காற்றை இழுத்துக்கொண்டு அடுத்த வரிக்குத் தாவினான். தம்பிக்கு அப்போது மூச்சிரைப்பு உண்டு. ஒரு வரி முழுசாகப் பாட மூச்சுக் காணாது. ஊமைக்கட்டை விட்ட இடத்தில்தான் அவன் மூச்சு வாங்கினான், அதனால்தான் அவனால் பாடவே முடிந்தது. அக்காவுக்கு இது தெரியும். தம்பி மறந்துபோயிருந்தான். பாட்டு முடிகிறவரை தலையைக் குனிந்துகொண்டிருந்தான்.

அக்கா சம்மதக் காகிதத்தை இழுத்து, 'அன்றைக்கு வாசித்தபடி, பாடியபடி மட்டும்' என்று கொட்டை எழுத்தில் எழுதி, கீழே கையெழுத்துப் போட்டு அவன் பக்கம் தள்ளினாள். இதற்குச் சம்மதமில்லையென்றால் தொகுப்பும் வேண்டாம், ஒரு மண்ணும் வேண்டாம் என்றாள்.

"சிரிப்பாங்கக்கா," என்றான் தம்பி மெதுவாக.

"அப்பவும்தான் சிரிச்சாங்க. நாம பாடி முடிச்சிட்டுத்தானடா மேடைய விட்டு எறங்குனோம்?"

தம்பி அவள் கையிலிருந்த பேனாவை வாங்கிக் கையெழுத்துப் போட்டான். புதுசாகச் சேர்த்ததையெல்லாம் எடுத்துவிடுங்கள் என்று இன்ஜினியரிடம் சொன்னான். அக்கா நாற்காலியை ஸ்பீக்கருக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். பதினோரு பாட்டிலும் அந்த மூச்சு திரும்பி வருகிறவரை அவள் எழுந்திருக்கவில்லை.