படத்தில் வலப்பக்கம்

ஊரில் பாதிப் பேருக்குக் கார் ஓட்டக் கற்றுக்கொடுத்தவளுக்கு 'பிரேக் டீச்சர்' என்றுதான் பெயர். பதினெட்டு வருடமாக, ஓட்டக் கற்றுக்கொள்பவர்களுக்கு இடப்பக்கம் உட்கார்ந்து அந்த ஒரு சொல்லைக் கத்திக் கத்தித் தொண்டையைத் தேய்த்துக்கொண்டவள்.

பயிற்சிப் பள்ளியின் பழைய கார் மக்கர் பண்ண ஆரம்பித்ததும், வெளிநாட்டில் ஓடிய கார் ஒன்றை வரவழைக்க முடிவு செய்தாள். மூன்று மாதம் அதே வேலையாக இருந்தாள். வண்டியின் நிலையைச் சொல்லும் ஆய்வுத் தாளில் எந்தக் குறி கீறல், எந்தக் குறி துரு என்று படித்துத் தெரிந்துகொண்டாள். வெள்ளத்தில் முங்கி எழுந்த வண்டியாக இருந்துவிடக் கூடாதே என்று, தரை விரிப்பைத் தூக்கிப் படமெடுத்து அனுப்பச் சொன்னாள். மீட்டரில் இருப்பது கிலோமீட்டர் இல்லை, மைல் என்பதைக் கண்டுபிடித்தவளும் அவள்தான்.

"டீச்சர், நீங்க வண்டி வாங்கறீங்களா, மாப்பிள்ளை பாக்கறீங்களா?" என்று சலித்துக்கொண்டார் இறக்குமதி ஏஜென்ட்.

கடைசியாக, காருக்கு எதிரே நின்று முன்கண்ணாடி வழியாக எடுத்த படம் ஒன்று வந்தது. மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கும் கணவரிடம் காட்டினாள்.

"ஸ்டீயரிங் வலது பக்கம்தானேங்க?"

அவர் போனைத் தள்ளிப் பிடித்துப் பார்த்தார். "வலதுதான். கண்ண மூடிட்டு வாங்கு."

படத்தில் வலப்பக்கம்தான் இருந்தது. எதிரே நின்று பார்த்தால் பக்கம் மாறித் தெரியும் என்பது இரண்டு பேருக்குமே உறைக்கவில்லை.

வண்டி கப்பலில் வந்து இறங்கியது. துறைமுகத்துக்குப் பக்கத்துத் திடலில், கழுவித் துடைத்து நிறுத்தியிருந்தார்கள். டீச்சர் ஆசையாகப் போய் வலப்பக்கக் கதவைத் திறந்து உட்கார்ந்து, இரண்டு கையையும் நீட்டினாள். கையில் காற்றுதான் அகப்பட்டது.

"என்னங்க, ஸ்டீயரிங்கைக் காணோம்!"

அவர் அந்தப் பக்க ஜன்னலில் குனிந்து பார்த்தார். "இங்க இருக்கும்மா."

ஏஜென்ட் தலையைச் சொறிந்தார். "தாள்ல முதல் வரியே அதுதான், டீச்சர். மத்ததையெல்லாம் அப்படித் துருவித் துருவிக் கேட்டீங்களா, இது தெரிஞ்சுதான் வாங்கறீங்கன்னு நெனச்சேன். பயப்படாதீங்க, பின்னால ஒரு அறிவிப்பு ஒட்டினா தாராளமா ஓட்டலாம்."

டீச்சர் கணவரை முறைத்தாள். "ஊர்க் கண்ணுக்கெல்லாம் பவர் பாத்துச் சொல்ற ஆளு!"

"படத்தப் பாத்து நீயும்தானே தலையாட்டின?"

கோபப்படத்தான் வாயைத் திறந்தாள். சிரிப்பு வந்து தொலைத்தது.

வீட்டுக்கு ஓட்டிவரும்போது முன்னால் ஒரு லாரி ஊர்ந்துகொண்டிருந்தது. இடப்பக்கம் இருந்தவளுக்கு அதன் முதுகைத் தவிர ஒன்றும் தெரியவில்லை. வலப்பக்கம் இருந்தவருக்குத்தான் எதிர்ச்சாலை தெரிந்தது. 'வீட்டுக்கு ஒரு டிரைவர் போதும்' என்று இத்தனை வருடமும் ஸ்டீயரிங்கைத் தொடாத மனிதர் அவர்.

"எதிர்ல ஏதாவது வருதா, பாத்துச் சொல்லுங்க."

"பொறு. பஸ் ஒண்ணு வருது. பின்னாலயே ஒரு பைக். இப்பப் போ... இல்ல, பொறு!"

"போகவா, வேணாமா?"

"பிரேக்!" என்று அலறினார்.

பின்னால் வந்த வண்டிகள் ஹாரனால் திட்டின. அவர் மட்டும் முகமெல்லாம் பல்லாக உட்கார்ந்திருந்தார். "நீ ஏன் இந்த வேலைய விடவே மாட்டேங்கறேன்னு இப்பதான் புரியுது."

உள்ளூர்த் தெருவில் கற்றுக்கொடுக்க அந்தக் கார் தோதுப்படாது. பழைய காரையே மெக்கானிக் எப்படியோ தட்டிக்கொட்டி ஓட வைத்துக் கொடுத்தார். புதிதாக வந்தது உறை போர்த்திக்கொண்டு ஒரு வாரம் சும்மா நின்றது. விற்றுவிடலாம் என்று இருந்தபோது, எதிர்வீட்டு நர்ஸ் வந்தாள்.

"டீச்சர், எனக்கு வெளிநாட்டுல வேலை கெடைச்சிருக்கு. அங்க ஸ்டீயரிங் இடது பக்கம்தானாம். உங்க வண்டியிலயே கத்துக்கலாமா?"

டீச்சர் பதில் சொல்வதற்கு முன் உறையை உருவிப் போட்டாள்.

மெக்கானிக் வலப்பக்கம் இன்னொரு பிரேக் வைத்துக் கொடுத்தார். நர்ஸ் போகிற நாட்டில் சாலையிலும் வலப்பக்கமாகத்தான் போக வேண்டும். அதை இந்தத் தெருக்களில் பழக முடியுமா? மூடிக் கிடந்த கிடங்கின் பின்னால் இருந்த மைதானத்தைக் கேட்டு வாங்கி, சுண்ணாம்பில் கோடு போட்டாள் டீச்சர்.

"எல்லாம் சரி டீச்சர், எதிர்ல வண்டியே வரலயே?" என்றாள் நர்ஸ்.

ஞாயிற்றுக்கிழமை காலை, டீச்சரின் கணவர் சைக்கிளோடு வந்து எதிர்வண்டி ஆனார். முதல் தடவை பழக்க தோஷத்தில் தன் இடப்பக்கமாகவே வந்து, நேராகக் கார் மூஞ்சிக்கு எதிரே நின்றார். டீச்சர் பிரேக்கை மிதித்துவிட்டு ஜன்னல் வழியாகத் தலையை நீட்டினாள்.

"ஒதுங்குங்க!"

"நான் லாரி. சைக்கிள் மாதிரி நெனச்சுப் பேசாத."

நர்ஸ் சிரித்த சிரிப்பில் எஞ்சின் அணைந்துபோனது. அதன் பிறகு லாரி ஒழுங்காக வந்தது. அன்று பதினோரு முறை அதை இடிக்காமல் கடந்தாள். அடுத்த மாதம் விமானமும் ஏறினாள். அவள் சொல்லி அனுப்பிய தோழிகள் மூன்று பேர் இப்போது வருகிறார்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் மூக்குக்கண்ணாடிக் கடை மதியத்துக்கு மேல்தான் திறக்கிறது.