நகம் வெட்டும்போது

அந்தக் கேள்வியை நர்ஸ் யாரிடமும் முகத்தைப் பார்த்துக் கேட்பதில்லை. நகம் வெட்டிக்கொண்டே கேட்பாள். கை இன்னொருவர் பிடியில் இருக்கும்போது பொய் சொல்ல வாய் வருவதில்லை என்பது அவள் வார்டில் கண்டுகொண்டது.

சாரத்திலிருந்து விழுந்த பெயிண்டர் இடது கையை நீட்டினார். வலது கை தோள்வரை மாவுக்கட்டு. நகக்கண்களில் நீலப் பெயிண்ட் இறுகிக் கிடந்தது.

"இத வெச்சே ஒரு சுவத்துக்கு அடிச்சிரலாம் போலிருக்கேண்ணே."

"சத்தம் போடாதம்மா. பெயிண்ட் குறையுதுன்னு மேஸ்திரி தேடிக்கிட்டிருப்பான்."

பக்கத்துக் கட்டிலில், சாப்பாட்டைத் தொடாமல் சுவரைப் பார்த்துப் படுத்திருந்த லாரி டிரைவர்கூடத் திரும்பிச் சிரித்தார். "அடுத்து எனக்குத்தானே சிஸ்டர்?"

சுண்டுவிரலுக்கு வந்தபோது அவள் குரலைத் தாழ்த்தினாள். "ராத்திரியெல்லாம் முழிச்சே கிடக்கீங்களாம். செத்துடலாம்னு தோணுதாண்ணே?"

அவர் விட்டத்தைப் பார்த்தார். நகவெட்டி விரலிலேயே நின்றது.

"தோணுது," என்றார் கடைசியில். "வீட்டுக்காரிகிட்ட சொல்லிடாத. ஏற்கெனவே பாதியாயிட்டா."

"பக்கத்துலயே ஒரு ஆள் இருந்தா?"

"பேச்சுத் துணைக்கா? இருந்தா… தேவல."

"போடச் சொல்றேண்ணே."

தலைமை நர்ஸ் ஊசி மருந்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "ஆளா? மொத்த வார்டுக்கும் நீயும் நானும்தான். உங்க மாமியார கூட்டிட்டு வர்றியா?"

"டாக்டர்கிட்ட சொல்லுங்கக்கா."

"நீ வந்து சொன்னதுமே போன்ல சொல்லிட்டேன். சாயங்காலம் வந்து பாக்கிறாராம். அதுவரைக்கும் அந்த நல்ல கையக் கட்டிலோட கட்டிப் போடச் சொன்னாரு. ஏதாவது ஆச்சுன்னா நம்ம ரெண்டு பேர் வேலையும் போச்சு. போ."

அவள் பஞ்சும் துணிக்கட்டும் எடுத்துக்கொண்டு வந்தாள். மருந்து போட வருகிறாள் என்று நினைத்து, அவரே கையை நீட்டினார். "ஆள் வருதாம்மா?"

மணிக்கட்டைச் சுற்றிப் பஞ்சைத் தடிமனாக வைத்தாள். தோல் உரசாது. துணியைக் கட்டில் கம்பியில் முடிந்தாள். அவர் முடிச்சைப் பார்த்தார், பிறகு அவளைப் பார்த்தார்.

நகவெட்டியோடு அவள் அடுத்த கட்டிலுக்குத் திரும்பினாள்.

டிரைவர் இரண்டு கைகளையும் போர்வைக்குள் இழுத்துக்கொண்டார்.

"எனக்கொண்ணும் இல்ல சிஸ்டர்," என்றார் அவசரமாக. "நான் ரொம்ப நல்லா இருக்கேன்."