இடது கட்டைவிரல்

பிக்கப்பைக் கலிம்பாவின் முதுகில் ஒட்டி, ஆம்ப்பைப் போட்டுவிட்டு, "ஒண்ணு தட்டுக்கா" என்றேன். அக்கா வலது கட்டைவிரலால் நடுக்கம்பியைத் தட்டினாள். சுவரோரம் வைத்திருந்த ஸ்பீக்கரிலிருந்து கிளம்பிய சத்தத்தில் அடுப்படியிலிருந்து என் மனைவி ஈரக்கையோடு ஓடிவந்து, "என்னங்க உடைஞ்சுது?" என்றாள். அக்கா சிரித்தாள். அப்போதே அவள் சிரிப்புக்குச் சத்தம் கிடையாது. தோள் மட்டும் குலுங்கும்.

எனக்கு மைக்செட் தொழில். மண்டபம், பள்ளிக்கூடம், கூட்டம் என்று எங்கே நாலு பேர் பேச வேண்டியிருந்தாலும் என்னைக் கூப்பிடுவார்கள். கலிம்பா என்ற ஒன்றை அதுவரை நான் கண்ணால் பார்த்ததில்லை. அக்காவின் கைகளுக்குப் பயிற்சி கொடுக்க வரும் பெண்தான் கொண்டுவந்தாள். உள்ளங்கையில் அடங்கும் மரப்பெட்டி, அதன்மேல் சீப்புப் பல் மாதிரி பதினேழு இரும்புக் கம்பிகள். இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு கட்டைவிரல்களால் தட்ட வேண்டும். ரப்பர் பந்தை அமுக்கச் சொன்னால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறவள் இதை விடவே இல்லை. ஆனால் ஃபேன் ஓடினால் வாசிக்கிறவளுக்கே கேட்காது. மைக் வைத்துப் பார்த்தேன். ஃபேனும் தெருவும்தான் அதில் பெரிதாக விழுந்தன. பிக்கப் அப்படியில்லை. காற்றில் வருவதை அது சட்டை செய்யாது. தான் ஒட்டிக்கொண்டிருக்கும் மரம் அதிர்ந்தால் மட்டும் கேட்கும். பழைய அலாரம் ஒன்றுக்குள் இருந்த காசு அகலப் பித்தளை வில்லையை எடுத்து, இரண்டு ஒயரைப் பற்றவைத்து, நானே செய்தேன்.

அக்கா இருபத்தாறு வருஷம் கோர்ட்டில் சுருக்கெழுத்தராக இருந்தவள். யார் யாரோ சொன்னதையெல்லாம் ஒரு வார்த்தை விடாமல் எழுதியவள். "ஜட்ஜ் தும்மினாக்கூட பக்கத்துல போட்ருவேன்டா" என்பாள். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. என் மனைவி இந்த வீட்டுக்கு வந்த நாளிலிருந்து இருவரும் சேர்ந்துகொண்டு என்னைக் கிண்டல் செய்வதுதான் வீட்டின் பொழுதுபோக்கு. தசைகளை ஒவ்வொன்றாக முடக்கும் அந்த நோய் முதலில் நாக்கில்தான் வந்தது. 'ர' சொல்ல முடியவில்லை, பிறகு 'ழ'. டாக்டர் என்னைத் தனியாக வராந்தாவுக்கு அழைத்து, "பேச்சு இருக்கும்போதே பதிவு பண்ணி வச்சுக்குங்க சார்" என்றார். வீட்டில் பதினாலு மைக் இருந்தது. ஒன்றைக்கூட அவள் முன்னால் கொண்டுபோய் நீட்ட எனக்குக் கை வரவில்லை. நீட்டினால் விஷயத்தை நானே சொன்னது மாதிரி ஆகிவிடுமே என்று நாளைக் கடத்தினேன். ஐந்து மாதத்தில் குரல் போய்விட்டது.

பிறகு ஒருநாள், இன்னும் எழுத முடிந்த காலத்தில், "என் குரல் எங்கயாவது இருக்கா?" என்று பேப்பரில் எழுதிக் காட்டினாள். பழைய போன்களையெல்லாம் தேடினேன். எப்போதோ நான் எடுக்காத அழைப்புக்கு அவள் விட்டிருந்த ஆறு விநாடிக் குரல் செய்தி மட்டும் கிடைத்தது. "டேய், வரும்போது பல்பு ஒண்ணு வாங்கிட்டு வா. பாத்ரூம்ல எரியல." அவ்வளவுதான். போட்டுக் காட்டினேன். இரண்டு முறை கேட்டுவிட்டு, போனைக் கவிழ்த்து வைத்தாள்.

ஸ்பீக்கரில் சத்தம் வந்த அன்று, அவள் அத்தனை நாளாக யாருக்கும் கேட்காமல் ஒரு பாட்டுப் போட்டு வைத்திருந்தாள் என்பது எங்களுக்குத் தெரிந்தது. பாட்டு என்றும் சொல்ல முடியாது. இடதும் வலதுமாக மாறி மாறி ஏறி, நடுவில் தயங்கி, வேறு வழியாக இறங்கும். இரண்டு நிமிஷம்கூட இல்லை. முடிந்ததும் என் பதிவுக் கருவியை விரலால் காட்டினாள். பிறகு தன் நெஞ்சைத் தொட்டாள்.

உடனே பதிவு செய்தேன். ஆனால் கரண்டு இரைச்சல் அடியில் 'உம்' என்று ஓடியது. அவள் நகம் உரசுவதுகூடத் தகரக் கூரையில் பூனை நடக்கிற மாதிரி கேட்டது. ஒலி மெலிந்து, டப்பாவுக்குள் தட்டுவது போல இருந்தது.

"இது டெஸ்ட்டுதானேக்கா. நடுவுல ஒரு சின்ன ஆம்ப் வச்சு, நல்ல ஒயர் போட்டு, சுத்தமா எடுத்துத் தரேன்" என்றேன்.

அவள் தலையை ஆட்டினாள். அது சரி என்றா, வேண்டாம் என்றா என்று நான் நின்று பார்க்கவில்லை. ஒலி அளவு வைப்பதற்காக ஒவ்வொரு கம்பியையும் தனித்தனியாக ஒருமுறை தட்டச் சொல்லி அதை மட்டும் வைத்துக்கொண்டேன். முழுப் பாட்டையும் அழித்துவிட்டேன். தொழில் தெரிந்தவன் செய்கிற காரியம். கெட்டுப்போன பதிவை வைத்துக்கொள்வது எனக்குப் பிடிக்காது.

ஒயர் வர ஒன்பது நாள் ஆனது. அதற்குள் வெளியூரில் ஒரு மாநாடு, அது முடிந்து இரண்டு மண்டபம். மூன்றாவது வாரம் உட்கார்ந்து வேலையை முடித்தேன். இரைச்சல் சுத்தமாக இல்லை. கம்பியைத் தட்டினால் மணி மாதிரி எழுந்து நின்று மெல்லக் கரைந்தது. நானே என் தோளில் தட்டிக்கொள்ளலாம் போல இருந்தது. கலிம்பாவை அக்காவின் மடியில் வைத்தேன். வலது கட்டைவிரல் தட்டியது. இடது கட்டைவிரல் கம்பிமேல் போய் உட்கார்ந்தது. அழுத்தப் பார்த்தது. வழுக்கியது.

ஆம்ப்பைக் கூட்டினேன். இன்னும் கூட்டினேன். பிக்கப் எதையும் பெரிதாக்கும், ஆனால் தட்டாத கம்பியை அது என்ன செய்ய முடியும்? அக்கா என்னைப் பார்த்தாள். திட்டுகிற பார்வையாக இருந்தால் தாங்கியிருப்பேன். நான் என்ன சொல்லப்போகிறேன் என்று காத்திருக்கிற பார்வை.

"இன்னிக்குச் சோர்வா இருக்கே. நாளைக்குப் பாப்போம்க்கா" என்றேன்.

பயிற்சி கொடுக்கும் பெண் இடது கையைத் தூக்கி, விரல்களை ஒவ்வொன்றாக மடக்கிப் பார்த்தாள். வாசலில் செருப்பைப் போட்டுக்கொண்டே, "இது இனிமே திரும்பாது சார்" என்றாள்.

அந்த வாரம் முழுக்கக் கடைக்குள் உட்கார்ந்து நான் செய்ததைச் சொல்லிவிடுகிறேன். அக்காவை வலது கையால் மட்டும் வாசிக்கச் சொல்லிப் பதிவு செய்தேன். இடது பக்கத்துக் கம்பிகளுக்கு, முன்பு தனித்தனியாகத் தட்ட வைத்து எடுத்திருந்தேன் அல்லவா, அவற்றை இரைச்சல் நீக்கி, வெட்டி வெட்டி அந்தந்த இடத்தில் ஒட்டினேன். முதல் பதிவை அழிப்பதற்குமுன் திரும்பத் திரும்பக் கேட்டிருந்ததில் பாட்டு எனக்கு மனப்பாடம். ஒட்டு தெரியவில்லை. முப்பது வருஷத் தொழிலில் இவ்வளவு கச்சிதமாக ஒரு வேலையை நான் செய்ததில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை போட்டுக் காட்டினேன். என் மனைவி கதவைப் பிடித்தபடி நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அக்கா கண்ணை மூடிக் கேட்டாள். பாதியில் அவள் ஆள்காட்டி விரல் நாற்காலிக் கையிலிருந்து ஒருமுறை எழுந்தது. கொஞ்ச நேரம் கழித்து மறுபடி. மூன்றாவது முறை எழுந்தபோதுதான் கவனித்தேன். இடது ஓரத்துக் கம்பி வரும்போதெல்லாம் அந்த விரல் எழுந்தது. நான்கு இடத்திலும் ஒரே கம்பி, ஒரே அழுத்தம், தொடக்கத்தில் ஒரே மாதிரி ஒரு நகக் கீறல். மனுஷ விரல் நான்கு தடவை அப்படித் தட்டாது. கூண்டில் நிற்கிறவன் ஒப்பித்துப் பேசுகிறானா, நினைத்துப் பேசுகிறானா என்று காதால் கேட்டே கண்டுபிடிக்கிறவளிடம் இதைக் கொண்டுபோயிருக்கிறேன்.

மனைவி எழுத்தட்டையைப் பிடித்தாள். கால் வாங்கி, கொம்பு வைத்துக் காட்ட அக்காவால் முடியாது. எழுத்தை மட்டும் தொடுவாள், மிச்சத்தை நாங்கள் கண்டுபிடிக்க வேண்டும். ப. ய. ச.

"பயிற்சியாக்கா?" என்றேன்.

இல்லை என்று கண்ணை அழுத்தி மூடித் திறந்தாள். ட. ச.

எனக்குப் புரியவில்லை. மனைவிக்குப் புரிந்துவிட்டது. அட்டையைத் தாழ்த்திக்கொண்டு, "பொய் சாட்சிங்கறாங்க" என்றாள்.

"எல்லாம் உன் விரல் தட்டினதுதானேக்கா. ஒண்ணுகூட நான் தட்டல. வேற எடத்துல வச்சேன், அவ்ளோதான்."

சொல்லி முடிப்பதற்குள்ளேயே, கோர்ட்டில் எத்தனை பேர் இதையே சொல்லியிருப்பார்கள் என்று தோன்றியது. அக்கா அட்டையில் 'அ' என்ற எழுத்தைத் தொட்டாள். அதை யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அழித்தேன்.

"முதல் நாள் எடுத்ததையாவது வச்சிருக்கலாம்ல?" என்றாள் மனைவி. அவள் அதைக் கோபமாகக் கேட்கவில்லை. அன்றைக்கு நான் சாப்பிடவில்லை. யாரும் வற்புறுத்தவும் இல்லை.

மறுநாள் பதினோரு மணிக்கு அக்கா கலிம்பாவைக் கண்ணால் காட்டினாள். நான் ஹெட்போனை மாட்டிக்கொண்டு கீழே உட்கார்ந்து பதிவை ஓடவிட்டேன். அவள் பாட்டை முதலிலிருந்து வாசித்தாள். வலது கம்பி ஒன்று ஒலித்தது. அடுத்தது இடது கம்பியின் முறை. அவள் அதைத் தாண்டிப் போகவில்லை. அது ஒலித்திருந்தால் எவ்வளவு நேரம் ஆகியிருக்குமோ அவ்வளவு நேரம் நின்றாள். பிறகு அடுத்த வலது கம்பி. அந்த இடைவெளிகள் காலியாகவும் இல்லை. இடது கட்டைவிரல் ஒவ்வொரு முறையும் போய்க் கம்பியைத் தொட்டது. தொட்டு, முயன்று, நழுவியது. துணியில் துணி உரசுகிற மாதிரி ஒரு சத்தம் மட்டும் என் காதுக்குள் வந்தது. அளவு முள் எழவே இல்லை. என் கை ஆம்ப் திருகு வரை போனது. திருகாமல் மடியில் வைத்துக்கொண்டேன். அந்தப் பாட்டு முழுக்க அப்படித்தான் போனது, பாதி ஒலியும் பாதி உரசலுமாக. எனக்கு இரண்டு நிமிஷமாகத் தெரியவில்லை.

நிறுத்தப் போனேன். அவள் கண்ணால் தடுத்தாள். மனைவி அட்டையை நீட்டினாள். த. த.

"தேதியா அண்ணி?" என்றாள் மனைவி.

ஆமாம் என்று தலையசைத்தாள். கோர்ட்டில் தேதி போடாத காகிதம் காகிதமே இல்லை என்று எப்போதும் சொல்வாள். நான் தேதியைச் சொன்னேன். சொல்லும்போதே முள்ளைப் பார்த்தேன். அசையவில்லை. காற்றில் பேசினால் பிக்கப்புக்கு எப்படிக் கேட்கும்? மைக்கை எடுக்க எழுந்தேன். அக்கா அதற்கும் வேண்டாம் என்று கண்ணை அழுத்தி மூடித் திறந்தாள். மடியிலிருந்த கலிம்பாவைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள்.

மண்டியிட்டு அவள் மடியில் குனிந்து, தாடையெலும்பை மரத்தில் அழுத்தினேன். ஹெட்போனில் என் பல் மோதிய சத்தம் இடி மாதிரி விழுந்தது. வாயைத் திறந்தேன். தேதி தெரியும், மாதம் தெரியும், கிழமை தெரியும். தொண்டையிலிருந்து எதுவும் வரவில்லை. பதிவுக் கருவியில் எண்கள் ஓடிக்கொண்டிருந்தன. அக்காவின் வலது கை என் பிடரிமேல் வந்து விழுந்து, கட்டைவிரல் ஒருமுறை தட்டிவிட்டுக் காத்திருந்தது.