ஒரு மாத்திரை கூட இல்லாமல்

சங்கரன்கோவிலில் இருபத்திரண்டு வருடமாக மருந்துக்கடை வைத்திருக்கிறேன். எந்த மாத்திரையை யார் எப்படிக் கேட்பார்கள் என்பது எனக்கு அத்துப்படி. சுகர்காரர் நாலடி தள்ளி நின்றே சத்தம் போட்டுக் கேட்பார். பிரஷர்காரர் சீட்டே கொண்டுவர மாட்டார், "அந்தச் சின்ன வெள்ளை மாத்திரை" என்பார். மனநோய்க்கு மாத்திரை வாங்க வருகிறவர் மட்டும், கடையில் கூட்டம் குறையும்வரை பக்கத்துச் சுவரில் போஸ்டர் படித்துக்கொண்டு நிற்பார். பிறகு வந்து, நாலாக மடித்த சீட்டை நீட்டுவார். நான் அந்தப் பெயரைச் சத்தமாகப் படித்துவிடுவேனோ என்று பயம். மாத்திரையைக் கறுப்பு கவரில் போட்டுக் கொடுத்த பிறகுதான் அவருக்கு மூச்சே வரும்.

நான் சும்மா கொடுத்து அனுப்புகிற ஆள் இல்லை. புத்தி சொல்லித்தான் அனுப்புவேன். பக்கத்து டீக்கடை மைதீன் பாட்சா தன் மனைவிக்காக மாதாமாதம் வாங்குவார். "இதுல என்ன அண்ணாச்சி கூச்சம்? சுகர் மாதிரி, பிரஷர் மாதிரி இதுவும் ஒரு வியாதி" என்று அவரிடம் நூறு தடவையாவது சொல்லியிருப்பேன். அவரும் தலையை ஆட்டிவிட்டு, கவரை மடியில் செருகிக்கொண்டு போவார். ஊருக்கெல்லாம் இவ்வளவு சொன்ன பெரிய மனுஷன் தன் வீட்டில் என்ன செய்தான் என்பதைத்தான் சொல்ல வந்தேன். சொல்லவே கூசுகிறது.

என் பெயர் பிரபுதாஸ். மனைவி ஜெயபாய், பள்ளிக்கூட டீச்சர். எங்களுக்கு ஒரே மகள், ரெனி. பி.காம். முடித்துவிட்டு வங்கிப் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தாள். இரண்டு வருடத்துக்கு முன்பு ஒரு மார்ச் மாதம் நாலு நாள் தொடர்ந்து தூங்கவில்லை. தூக்கம் வரவில்லையே என்ற வருத்தமும் அவளுக்கு இல்லை. பரணில் இருந்த பாத்திரங்களை எல்லாம் இறக்கிக் கழுவினாள். ஓயாமல் பேசினாள். ஊர்ப் பிள்ளைகள் எல்லோருக்கும் இலவசமாகப் பாடம் நடத்தப் போவதாகச் சொன்னாள். ஐந்தாம் நாள் பஸ் ஸ்டாண்டுக்குப் போய், புளியங்குடி பஸ்ஸில் ஏறி, முன்பின் தெரியாத ஒரு பெண்ணுக்குத் தன் கழுத்துச் சங்கிலியைக் கழற்றிப் போட்டுவிட்டாள். அந்த மகராசி அவளையும் சங்கிலியையும் பத்திரமாகக் கடைக்கே கொண்டுவந்து சேர்த்தாள்.

"புள்ளைக்கு ஒடம்புக்கு முடியலையோ அண்ணாச்சி?" என்று கேட்டாள்.

"வெயிலு" என்றேன்.

திருநெல்வேலியில் டாக்டர் ப்ரியதர்ஷினியிடம் காட்டினோம். பைபோலார் என்றார். மனசு சில காலம் அளவுக்கு மீறிக் கிளம்பும், சில காலம் படுக்கையை விட்டு எழுந்திருக்க முடியாதபடி சோர்ந்துவிடும், நடுவில் எல்லோரையும் போல இருக்கும் என்று விளக்கினார். இதற்கு ஒரே காரணம் என்று எதையும் காட்ட முடியாது. பிறப்பில் வருவது கொஞ்சம், தூக்கம் கெட்டது கொஞ்சம், பரீட்சைக் கவலை கொஞ்சம் என்று பல சேர்ந்து வருவது. மாத்திரையை விடாமல் சாப்பிட்டு, அவ்வப்போது ரத்தம் சோதித்து, நேரத்துக்குத் தூங்கினால் வேலைக்குப் போகலாம், கல்யாணமும் செய்துகொள்ளலாம். யாரையும் கேட்காமல் மாத்திரையை நிறுத்துவது மட்டும் கூடவே கூடாது என்றார். இதெல்லாம் எனக்குத் தெரிந்ததுதான். தெரிந்தவன் மாதிரித் தலையை ஆட்டினேன்.

பிறகு அவர் கேட்டார்: "குடும்பத்துல வேற யாருக்காவது இப்படி இருந்திருக்கா?"

"கிடையாது டாக்டர்."

யோசிக்கக்கூட இல்லை. பனவடலிசத்திரத்தில் எங்கள் பூர்வீக வீட்டின் பின்பக்க அறையில் என் சித்தப்பா பதினோரு வருடம் பூட்டப்பட்டுக் கிடந்து செத்தார். அவருக்குச் சாப்பாட்டுத் தட்டை ஜன்னல் வழியாக நீட்டியவன் நான். ஜெயபாய்க்கு அது தெரியும். திரும்பி என்னைப் பார்த்தாள். ரெனிக்கு அப்படி ஒருவர் இருந்ததே தெரியாது. எங்கள் வீட்டில் அவர் பெயரை யாரும் சொல்வதில்லை.

மாத்திரையை என் கடையிலேயே எடுத்திருக்கலாம். கடையில் வேலை பார்க்கும் சீனியம்மாள் கண்ணில் படுமே! அதனால் திருநெல்வேலியிலேயே வாங்கி, அட்டையிலிருந்து ஒவ்வொன்றாகப் பிதுக்கி, காலியான கால்சியம் மாத்திரை டப்பாவில் போட்டு வைத்தேன். மருந்தை டப்பா மாற்றி வைக்காதீர்கள் என்று வாடிக்கையாளர்களை விரட்டி விரட்டிச் சொல்கிறவன் செய்த வேலை இது.

"யாரும் கேட்டா கால்சியம்னு சொல்லு மக்கா."

ரெனி சிரித்தாள். "ஏன்ப்பா, எலும்பு வீக்குன்னா கௌரவம், மனசு வீக்குன்னா கௌரவக் கொறச்சலா?"

"வாயாடாத, முழுங்கு" என்றேன்.

முழுங்கினாள். மூன்றே மாதத்தில் பழைய ரெனி திரும்பி வந்தாள். அடுத்த ஜூனில் குருவிகுளத்தில் ஒரு பள்ளிக்கூடத்து ஆபீசில் வேலைக்குச் சேர்ந்தாள். காலை பஸ்ஸைப் பிடிக்க டிபன் பாக்ஸோடு ஓடுவாள். அவள் ஓடுவதைக் கடையிலிருந்து பார்த்துக்கொண்டே இருப்பேன். அந்த அளவோடு நான் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்க வேண்டும்.

எங்கள் சபையில் மாதக் கடைசி வெள்ளிக்கிழமை உபவாச ஜெபம் உண்டு. அதில் சாட்சி நேரம் என்று ஒன்று. கர்த்தர் செய்த நன்மையை எழுந்து சொல்ல வேண்டும், முடித்ததும் சபை முழுவதும் "ஸ்தோத்திரம்" என்று சேர்ந்து சொல்லும். ஒருவர் சொன்னதைவிட அடுத்தவர் சொல்வது ஒரு படி பெரிதாக இருக்கும். அன்றைக்கு எனக்கு முன்னால் எழுந்தவர், தன் சிறுநீரகக் கல் ஜெபத்திலேயே கரைந்து போனது என்றார். கல் கரைய மூன்று மாதம் மருந்து வாங்கியது என் கடையில்தான். நானும் சேர்ந்துதான் ஸ்தோத்திரம் சொன்னேன். சாட்சியில் மருந்தைச் சேர்ப்பது எங்கள் வழக்கம் இல்லை. மருந்தைச் சொன்னால் கர்த்தருக்கு மகிமை குறைந்துவிடும் என்று யாரும் எழுதி வைக்கவில்லை, ஆனாலும் யாரும் சொல்ல மாட்டார்கள்.

அந்தச் சமயம் புளியங்குடியில் எலுமிச்சை வியாபாரம் செய்யும் ஒரு குடும்பத்திலிருந்து ரெனியைப் பெண் கேட்டிருந்தார்கள். பழைய பஸ் கதை மறுபடி கிளம்பி ஊரில் சுற்றிக்கொண்டிருந்தது. ஒரேயடியாக அதன் வாயை அடைக்கலாம் என்று எழுந்தேன்.

"என் மகளை ஒரு பலவீனம் பிடிச்சிருந்தது. கர்த்தர் அவளுக்குப் பூரண சுகம் கொடுத்தார்" என்றேன். அங்கேயே உட்கார்ந்திருக்கலாம். பெண்கள் பக்கத்தில் முகங்கள் இன்னும் எதையோ எதிர்பார்த்தன.

"ஒரு மாத்திரை கூட இல்லாமல்" என்றேன்.

அன்றைக்கு எழுந்த ஸ்தோத்திரம் மாதிரி அந்தச் சபையில் நான் கேட்டதில்லை. பெண்கள் பக்கம் ஜெயபாய்க்கு அருகில் துப்பட்டாவைத் தலையில் போட்டுக்கொண்டு ரெனி குனிந்து உட்கார்ந்திருந்தாள்.

"கடைசி வார்த்தை எதுக்கு?" என்று வீட்டுக்கு வந்ததும் ஜெயபாய் கேட்டாள்.

"எல்லாரும் சொல்லுததுதானே" என்றேன்.

ஏழு வாரம் போனது. மாதா மாதம் டப்பாவை நான் நிரப்பினேன், அது குறைந்துகொண்டும் வந்தது. எனக்கு ஒரு சந்தேகமும் வரவில்லை. ரெனி மறுபடி வேகமாகப் பேச ஆரம்பித்ததைக்கூட, கல்யாணப் பேச்சு நடக்கிறதே, சந்தோஷம் என்று எடுத்துக்கொண்டேன். இருபத்திரண்டு வருட அனுபவம்!

ஒரு திங்கட்கிழமை காலை பதினொரு மணி. கடையில் எட்டுப் பேர் இருந்தார்கள். வேலைக்குப் போயிருக்க வேண்டிய ரெனி உள்ளே வந்தாள். தலை சீவவில்லை. கண் பளபளத்தது. நேராக அலமாரிக்குப் போய், கைக்கு வந்த மருந்து அட்டைகளை எல்லாம் அள்ளித் தெருவில் வீசினாள்.

"இதெல்லாம் எதுக்கு வாங்குதிய? போங்க, எல்லாரும் வீட்டுக்குப் போங்க! எங்க அப்பாவே சபையில சொல்லிட்டாங்க! பூரண சுகம்! ஒரு மாத்திரை கூட இல்லாம!"

நான் சொன்ன அதே வார்த்தை, அதே ராகம். சீனியம்மாள் வாயில் முந்தானையை வைத்துக்கொண்டாள். தெருவில் ஆட்டோக்கள் நின்றன. நான் ஓடிப்போய் மகளைப் பிடிக்கவில்லை. ஷட்டரை இறக்கத்தான் ஓடினேன். பிள்ளைக்கு என்ன ஆனதோ என்று பதறுவதற்கு முன்னால், யார் யார் பார்க்கிறார்கள் என்றுதான் என் கண் போனது. இதை நான் யாரிடமும் சொன்னதில்லை.

மைதீன் பாட்சாதான் டீக்கடையிலிருந்து வந்து அவள் கையை மெதுவாகப் பிடித்தார். "வா மக்கா, ஒரு டீ குடிப்போம்" என்று பெஞ்சில் உட்கார வைத்தார். பிறகு தெருவில் கிடந்த அட்டைகளைக் குனிந்து ஒவ்வொன்றாகப் பொறுக்கிக் கொண்டுவந்து என் மேஜையில் வைத்தார்.

"புள்ளைக்கு மாத்திரை நின்னு போச்சு போல அண்ணாச்சி. எங்க வீட்லயும் ஒருக்க இப்படித்தான் ஆச்சு." அட்டைகளை அடுக்கி வைத்தார். "சுகர் மாதிரிதான்னு நீங்கதான சொல்லுவிய."

குத்திக்காட்டவில்லை. ஆறுதலாகத்தான் சொன்னார். அதுதான் தாங்க முடியவில்லை.

திருநெல்வேலியில் ரெனியை மூன்று வாரம் ஆஸ்பத்திரியில் வைத்திருந்தார்கள். முதல் வாரம் அவளுக்கு எங்களைப் பார்க்கவே பிடிக்கவில்லை. இரண்டாம் வாரம் தூங்கினாள். ஒரு நாள் மாலை கட்டிலில் சாய்ந்து ஆரஞ்சுப் பழம் தின்றுகொண்டிருந்தபோது கேட்டேன்: "ஏன் மக்கா நிறுத்தினே? நான் சொன்னதை நம்பிட்டியா?"

"நம்புவேனா? டப்பாவ நெறப்புததே நீங்கதான."

"பெறகு?"

அவள் தோலை உரித்துக்கொண்டே சொன்னாள்: "மாத்திரையை எடுக்கும்போதெல்லாம், அப்பா சபையில பொய் சொல்லிட்டாங்களேன்னு தோணும். நான் சாப்பிடலன்னா அது பொய்யில்லல்லா. நம்மளும் நல்லாத்தான இருக்கோம், விட்டுப் பாப்போமேன்னு தினமும் ஒண்ணொண்ணா வாஷ்பேசின்ல போட்டுட்டேன்."

வராந்தாவுக்கு வந்து அழுதேன். என் பொய்யை உண்மையாக்க என் பிள்ளை தன் புத்தியைக் கொடுத்திருக்கிறாள். அதற்குள் குருவிகுளம் பள்ளிக்கூடத்தில் வேறு ஆளைப் போட்டுவிட்டார்கள். புளியங்குடிக்காரர்கள் போனை எடுப்பதில்லை.

மறுநாள் டாக்டரிடம், ரெனியையும் வைத்துக்கொண்டு, சித்தப்பாவைப் பற்றிச் சொன்னேன். பூட்டு, ஜன்னல், தட்டு எல்லாவற்றையும் சொன்னேன். டாக்டர் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவர் எழுதிக்கொண்டார்.

"அவருக்கும் இதே நோயா இருந்திருக்கலாம். குடும்பத்துல இருந்தா எல்லாருக்கும் வந்துரும்னு இல்ல, வர்ற வாய்ப்பு கொஞ்சம் அதிகம். முதல்லயே சொல்லியிருந்தா இன்னும் கவனமா இருந்திருப்போம்" என்றார். "ஜெபம் பண்ணுங்க சார், நான் வேண்டாம்னு சொல்லல. மாத்திரையை மட்டும் அதுக்கு எதிரியா நிறுத்தாதீங்க."

ரெனி என்னிடம் ஒன்றே ஒன்று கேட்டாள்.

"அவங்க பேரு என்னப்பா?"

"ஞானமுத்து" என்றேன். முப்பது வருடத்துக்குப் பிறகு அந்தப் பெயரைச் சொன்னேன்.

வீட்டுக்கு வந்து நாலு மாதம் ஆனது. சபையில் உண்மையைச் சொல்லிவிடுவது என்று முடிவு செய்தேன். ஜெயபாயிடமும் ரெனியிடமும் சொன்னேன். மாதக் கடைசி வெள்ளிக்கிழமை வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு முன் வரிசையிலேயே உட்கார்ந்தேன். சாட்சி நேரத்தில் எழுந்தும் விட்டேன். அந்தத் திங்கட்கிழமை என் கடையில் நின்ற எட்டுப் பேரில் மூன்று பேர் அங்கே இருந்தார்கள். எல்லோரும் என் வாயைப் பார்த்தார்கள்.

"போன மாசம் முழுக்க முழங்கால் வலி. கர்த்தர் சுகம் கொடுத்தார்" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டேன்.

ஸ்தோத்திரம் என்றார்கள். எனக்கு முழங்கால் வலி வந்ததே இல்லை.

பெண்கள் பக்கம் பெஞ்சு நகரும் சத்தம் கேட்டது. ரெனி எழுந்து நின்றாள். துப்பட்டாவைச் சரி செய்துகொண்டாள்.

"எங்க அப்பா முன்னால ஒரு தடவ சொன்ன சாட்சியில ஒரு விஷயம் விட்டுப்போச்சு. அதச் சொல்லுதேன்" என்றாள். பொய் என்று சொல்லவில்லை, விட்டுப்போச்சு என்றாள். "எனக்கு இருக்கது பைபோலார்ங்கிற நோய். எங்க சின்னத் தாத்தா ஞானமுத்துக்கும் இருந்திருக்கும்னு டாக்டர் சொல்லுதாங்க. அவங்களுக்கு மாத்திரை கெடைக்கல, பூட்டுதான் கெடச்சுது. எனக்கு மாத்திரை கெடச்சிருக்கு. இப்ப தினமும் ரெண்டு முழுங்குதேன். நடுவுல நிறுத்தினேன், அதனாலதான் அன்னைக்குக் கடையில அப்படி ஆச்சு. இனி நிறுத்த மாட்டேன். கர்த்தர் எனக்கு டாக்டரையும் கொடுத்தாரு, மருந்துக்கடை வச்சிருக்க அப்பாவையும் கொடுத்தாரு. ஸ்தோத்திரம்."

அவள் முடித்த பிறகு சபை சொல்ல வேண்டும். ஒருவரும் சொல்லவில்லை. யாரோ செருமினார்கள். ரெனி உட்காராமல் நின்றுகொண்டே இருந்தாள். அந்தப் பக்கத்திலிருந்து என்னைத்தான் பார்த்தாள்.

ஒரு வார்த்தை. குழந்தையிலிருந்து தினமும் சொல்லும் வார்த்தை. வாயைத் திறந்தேன், கண் முதலில் அந்த மூன்று பேரிடம் போனது.

"ஸ்தோத்திரம்" என்று ஜெயபாய் தனியாகச் சொன்னாள்.

அதற்குப் பிறகுதான் நான் சொன்னேன். அதிலும் இரண்டாவது ஆள்.